அருள்தாஸ் வீட்டுக் காபி

தட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கிறது, மூன்று எவர்சில்வர் டம்ளர்கள், மூன்றிலும் நுரை, ரூபவதி அத்தை தட்டை என் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார், அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அன்று அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள், என் அப்பா வேதமாணிக்கம் இருந்தார், மாப்பிள்ளையின் அப்பா அருள்தாஸ் இருந்தார், அவர் மனைவி ரூபவதி, மாப்பிள்ளை எட்வின், எட்வினின் தாய்மாமன் மோசஸ் தங்கையா, என்னோடு ஊழியம் செய்த கொத்தப்பள்ளி, பிறகு நான், அவ்வளவுதான், வேறு ஈ காக்காய் கிடையாது, என் தங்கை பியூலா இருநூறு மைலுக்குத் தெற்கே எங்கள் ஊரில் இருந்தாள், அவளுடைய கல்யாணம்தான் அந்தத் தட்டில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, எடுத்துக்கோங்க தம்பி என்கிறார் ரூபவதி அத்தை, என் கை முழங்காலில் இருக்கிறது, எழவில்லை.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது, கோயம்புத்தூர் வெயிலில் வெள்ளைச் சட்டையும் டையுமாக நடக்கிறவன், நெஞ்சில் கறுப்புப் பட்டை, அதில் என் பெயருக்கு முன்னால் எல்டர் என்று வெள்ளை எழுத்து, எல்டர் என்றால் மூப்பர், அப்பா எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. கோயிலில் சேகரக் கமிட்டியில் பல காலம் இருந்தவர், இதைக் கேள்விப்பட்டதும், மீசை ஒழுங்கா மொளைக்கல, அதுக்குள்ள மூப்பராம்லா, என்று ஒரு சிரிப்புச் சிரித்தாராம், பியூலா எழுதியிருந்தாள், சிரித்தது அந்த ஒரு தடவைதான், பிறகு என் பெயரையே எடுக்கவில்லை. சென்னைக்குப் படிக்கப் போன இடத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் நடந்த ஆராதனைக்குக் கூடப் படித்தவன் கூப்பிட்டான், போனேன், பிற்காலப் பரிசுத்தவான்கள் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள், வெளியில் இருப்பவர்கள் மார்மன் என்றார்கள், அங்கே ஞானஸ்நானம் வாங்கினேன், இரண்டு வருஷம் ஊழியம் செய்ய அனுப்பினார்கள், அதற்கும் போனேன், நாலு தலைமுறையாக ஒரே கோயில், ஒரே பெஞ்சு, வலது பக்கம் மூன்றாவது, அதில் என் இடம் காலியானதை ஊரே பார்த்தது, அப்பா அந்த இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை, தன் குடையைச் சாத்தி வைத்தார், எங்கள் வீட்டில் கோபம் அப்படித்தான் இருக்கும், சத்தம் போடாது, இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

காலையில் கோயம்புத்தூர் ராமநாதபுரத்து அறையில் கண் விழிக்கிறேன், கொத்தப்பள்ளி ஏற்கெனவே முழங்காலில் நிற்கிறான், ராஜமுந்திரிக்காரன், என்னைவிட ஒரு வயது இளையவன், அவனுடைய தமிழில் மனிதர்களெல்லாம் அது, இது, ஜெபம் முடித்ததும் தலையைத் திருப்பி, எல்டர், இன்னைக்கு அரிசி தீந்துபோச்சு, தேவன் கொடுக்கும், ஆனா கடைக்கு நாமதான் போவணும், என்கிறான், வேதம் சத்தமாக வாசிக்கிறோம், பிறகு சட்டைக்கு இஸ்திரி, கழுத்துப் பட்டியில் மஞ்சள் ஏறாமல் வெள்ளையைக் காப்பாற்றுவதே பாதி ஊழியம், பிறகு டவுன் பஸ், ஒருவனை விட்டு ஒருவன் பிரியக் கூடாது என்பது சட்டம், முடி வெட்டக் கடைக்குப் போனாலும் இரண்டு பேர், அவன் வயிற்றுவலியில் படுத்தால் நானும் படுக்க வேண்டும், யார் வீட்டுக் கதவையும் வலியப் போய்த் தட்டக் கூடாது என்பது இன்னொரு சட்டம், அவர்களாகக் கேட்டால் பேசலாம், ஆகவே கேட்க மாட்டார்களா என்று பட்டையை வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்போம், கேட்பார்கள், ஏனுங் தம்பி, எந்தக் கம்பெனிங்க, என்று கண்டக்டர் கேட்பார், வாட்டர் ஃபில்டருங்களா, போன மாசம் ஒருத்தர் இப்படித்தான் டை கட்டிக்கிட்டு வந்து எங்க அக்கா தலையில கட்டிட்டுப் போனாருங்க, வேல செய்ய மாட்டேங்குது, நீங்க கொஞ்சம் வந்து பாருங்களேன், கொத்தப்பள்ளி உண்மையிலேயே போய்ப் பார்ப்பான், கழற்றிக் கழுவி மாட்டிக் கொடுத்துவிட்டு, அக்கா, இதைவிட நல்ல தண்ணி உண்டு, பைபிள்ல இருக்கு, என்பான், அந்த அக்கா சிரித்துக்கொண்டே காபி கலக்கப் போய்விடுவார், அங்கேதான் தொல்லை.

காபி, டீ, சாராயம், புகையிலை, நான்கையும் தொடுவதில்லை என்று ஞானஸ்நானத்தின்போது வாக்குக் கொடுத்திருக்கிறோம், மற்ற மூன்றும் எனக்குப் பொருட்டல்ல, கோயம்புத்தூரில் காபியை வேண்டாம் என்பது வந்த வீட்டு முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம், எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இப்போதுதான் குடித்தோம் என்றால் பொய்யாகிவிடும், உடம்புக்கு ஆகாது என்றாலும் பொய், எங்கள் சபையில் குடிப்பதில்லை என்றால், காபியில என்னங்க கண்ணு பாவம், என்று வழக்குத் தொடங்கும், பீளமேட்டில் ஒரு அம்மா, கணவர் ஆஸ்பத்திரியில், நீங்க எந்தச் சாமியா இருந்தாலும் பரவால்லீங்க, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க, என்று கையைக் கூப்பினார், ஜெபித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினார், வேண்டாம் என்றதும் அந்த முகம் சுருங்கியது, ஜெபத்தையே நாங்கள் திருப்பி எடுத்துக்கொண்டோம் என்பது போல. சிங்காநல்லூர் மில் லைன் வீட்டில் ரங்கன் என்று ஒருவர், துப்புரவு வேலை, எங்களை அவராகவே கூப்பிட்டு வேதம் கேட்டார், மூன்று தடவை கேட்டார், மூன்றாம் தடவை அவர் மனைவி புது டம்ளரில் காபி கொண்டு வந்து வைக்க, நான் வாயைத் திறப்பதற்குள், எங்கூட்ல குடிக்க மாட்டீங்களாட்ட இருக்குதுங், என்றார் ரங்கன், கோபமே இல்லாத குரலில், பழகிப்போன குரலில், ஐயோ அண்ணா அது இல்லை என்று கொத்தப்பள்ளி பதறித் தண்ணீர் கேட்டு, நான் ஒரு சொம்பு அவன் ஒரு சொம்பு, அவர் பார்க்க அண்ணாந்து குடித்தோம், சட்டையெல்லாம் நனைய, போதுங்க போதுங்க என்று அவர் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை, அடுத்த வாரம் போனபோது வீடு பூட்டியிருந்தது, அதற்கடுத்த வாரமும். சில மதியங்களில் பஸ்ஸில் தூங்கிவிழும்போது ஒரு காட்சி வரும், நான் தொடாமல் விட்ட டம்ளர்களெல்லாம் அவினாசி ரோட்டின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக வைத்திருக்கும், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் நிற்பார், பஸ் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், விழித்தால் கொத்தப்பள்ளியின் தலை என் தோளில்.

பியூலாவுக்கு இடம் கூடிவந்த செய்தியும் அப்படி ஒரு பஸ் நாளில்தான் வந்தது, மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரிலேயே கணபதியில் இருக்கிறார்கள், பூர்வீகம் எங்கள் பக்கம்தான், மோட்டார் பம்பு வியாபாரத்துக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம், எட்வின் நல்ல பையன், பியூலாவைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டது, அவளுக்கும் பிடித்திருந்தது, அது அவள் எழுத்தின் சாய்விலேயே தெரிந்தது, எல்லாம் பேசி முடித்த இடத்தில் தாய்மாமன் தங்கையா ஒரு முட்டுக்கட்டை போட்டார், பொண்ணுக்கு அம்மா இல்ல, கூடப்பொறந்தது ஒரே அண்ணன், அவன் என்னமோ அமெரிக்காக்காரன் மதத்துல போயிட்டானாம், நம்ம கோயில்ல நடக்குற கல்யாணத்துக்கு அவன் சம்மதமில்லன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது, இதே ஊர்லதான இருக்கான், வரட்டும், அப்பனும் மகனுமா உக்காந்து நம்ம வீட்டுக் காபியக் குடிக்கட்டும், அப்புறம் தட்டு மாத்திக்கலாம். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வீட்டார் மற்ற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், பேச்செல்லாம் பேசுவார்கள், எழுந்து வந்துவிடுவார்கள், என்றைக்கு அந்த வீட்டில் கொடுத்ததை வாங்கிக் குடிக்கிறார்களோ அன்றைக்குச் சம்மதம், வாயால் சொல்ல வேண்டியதில்லை, குடிக்காமல் எழுந்தால் இல்லை என்று அர்த்தம், அதையும் வாயால் சொல்ல வேண்டியதில்லை, இப்படித்தான் அவமானமில்லாமல் எத்தனையோ சம்பந்தங்கள் முறிந்திருக்கின்றன. அங்கே போக ஊழியத் தலைவரிடம் போனில் அனுமதி கேட்டேன், போய் வாருங்கள், இரண்டு பேருமாகப் போங்கள், என்றார், காபியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அது என் வீட்டு விஷயம்.

அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார், வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ஒரு வருஷத்துக்கு மேலாக அவரைப் பார்க்கவில்லை, ஸ்தோத்திரம் சொன்னேன், தலையை அசைத்தார், என் பட்டையை வாசித்தார், டையைப் பார்த்தார், பிறகு கொத்தப்பள்ளியைப் பார்த்து, இது யாரு, என்றார், இவர் எப்பவும் என்கூடத்தான் இருப்பார் என்றேன், கல்யாணப் பேச்சுக்குமா, என்றார், ஆமாம் என்றேன், சரி என்று முன்னால் நடந்தார், அவர் நிழலில் நாங்கள் இரண்டு பேரும். அந்த நடையிலேயே நான் சொல்லியிருக்கலாம், அப்பா, நான் காபி குடிக்க மாட்டேன் என்று, சொல்லவில்லை, அவரிடம் பேச ஒரு வருஷத்துப் பேச்சு இருந்தது, அதில் முதல் பேச்சாகக் காபியை எடுக்க வாய் வரவில்லை, தவிர, எப்படியும் வேறு ஏதாவது கொடுப்பார்கள், மோர், கலர், எலுமிச்சம்பழத் தண்ணீர் என்று மனதுக்குள் ஒரு நப்பாசை ஓடிக்கொண்டிருந்தது, ரூபவதி அத்தை உள்ளேயிருந்து தட்டோடு வருகிற வரையில் ஓடியது.

எடுத்துக்கோங்க தம்பி, மறுபடியும் சொல்கிறார் ரூபவதி அத்தை, கோவிச்சுக்காதீங்க அத்தை, எனக்குக் கொஞ்சம் தண்ணி போதும், என்கிறேன், தங்கையா மாமா தொடையைத் தட்டிக்கொண்டு, நான் சொல்லல, என்கிறார் அருள்தாஸைப் பார்த்து, பிறகு என் பக்கம் திரும்பி, தண்ணி வழியில போறவனுக்கும் குடுப்போம் தம்பி, காபி அப்படியில்ல, நீங்களும் நம்ம பக்கந்தான, உங்களுக்குத் தெரியாததா, இல்லை மாமா, எனக்கு இந்தக் கல்யாணத்துல முழுச் சம்மதம், காபி மட்டும் எங்க சபையில, என்று நான் தொடங்க, அவர் கையை உயர்த்தி, அதத்தான் நானும் சொல்றேன், ஒங்க சபை, எங்க சபை, வீட்டுக்கு வீடு அடுப்பு வேறன்னு இப்பமே பிரிச்சாச்சு, நாளைக்கு இவன் தங்கச்சி வந்து எங்க வீட்டுல எதத் தொடுவா எதத் தொட மாட்டா, என்றார், எட்வின் அவரை மாமா என்று கூப்பிட்டு ஏதோ சொல்லப் பார்த்தான், நீ சும்மா இரி என்றார், அவன் தரையைப் பார்த்தான், ரூபவதி அத்தை தட்டைக் கீழே வைக்கவும் முடியாமல் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாமல் நிற்கிறார், ஒரு வாய், ஒரு வாய்தானே, என் உதட்டில் நுரை பட்டால் போதும், பியூலா மருதாணிக் கையோடு நிற்பாள், குடிக்காவிட்டால் ஊரில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவின் செருப்புச் சத்தத்தைக் காதால் அளப்பாள், அம்மா இறந்த அன்று அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான், கோணல் மாணலாக, அவள் அந்தப் பின்னலை அவிழ்க்க விடாமல் மறுநாளும் வைத்திருந்தாள், கை முழங்காலைவிட்டுக் கொஞ்சம் எழுந்துவிட்டது, எழுந்தது உண்மை.

ஏல, என்றார் அப்பா. என்னைத்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்ட முதல் வார்த்தை. குடிக்கது இல்லன்னு வாக்கு குடுத்திருக்கியா. ஆமாப்பா. ஞானஸ்நானத் தண்ணிக்குள்ள நின்னா. ஆமாப்பா. அவர் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டி வசனத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார், எனக்கு ஒரு கணம் சின்ன வயதில் ஈஸ்டருக்கு முந்தின ஒரு தவசுக் காலம் வந்துபோனது, மூக்குப்பொடியை நாற்பது நாள் தொடுவதில்லை என்று பாதிரி ஐயரிடம் சொல்லிவிட்டு, பெரியப்பா செத்த வீட்டில் எல்லோரும் பொடிமட்டையை நீட்டியபோதும் மூக்கை வேட்டி நுனியால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா. அப்போ குடியாத, என்றார் அவர், கைய இறக்கு. பிறகு எழுந்தார், தட்டிலிருந்து தன் டம்ளரை எடுத்தார், ஆற்றவில்லை, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார், அதைக் கீழே வைத்துவிட்டு என் பங்கையும் எடுத்தார், தொண்டை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம், சர்க்கரை அவருக்கு ஆகாது, அத்தை தாராளமாகப் போட்டிருந்தார், இரண்டாவதையும் முடித்து, துண்டால் வாயை ஒற்றிக்கொண்டு தங்கையா மாமாவிடம் திரும்பினார், அவன் போன சபை எனக்குப் பிடிக்காது, இப்பவும் பிடிக்காது, அத நான் அவன்ட்ட பேசிக்கிடுதேன், ஆனா எம் மவன் ஒரு வாக்கு குடுத்திருக்கான், கல்யாணத்துக்காவ அத முறிச்சான்னா, நாளைக்கு நாங்க இந்த வீட்டுக்குக் குடுக்க வாக்குக்கு என்ன மதிப்பு, பியூலாவுக்கும் நான்தான் அப்பன், இவனுக்கும் நான்தான் அப்பன், ரெண்டு பேருக்கும் சேத்து நான் குடிச்சாச்சு, இதுல யாருக்காவது கொற இருந்தா இப்பமே சொல்லிருங்க, நாலு மணி பஸ்ஸப் பிடிச்சுருதேன். அருள்தாஸ் மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார், எழுந்து, உக்காருங்க சம்பந்தி, என்றார், அந்த வார்த்தையை அன்றுவரை அவர் சொன்னதில்லை, ரூபவதி, பலகாரத்தக் கொண்டா, பிள்ளைகளுக்கு மோர் எடு, என்றும் சொன்னார், தட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தை உள்ளே ஓடியது போல்தான் போனார், தட்டில் கொத்தப்பள்ளியின் டம்ளர் மட்டும் ஆறிக்கொண்டிருந்தது, இத யாரு குடிக்கது, என்றார் அப்பா, சிரிக்காமல், தங்கையா மாமா அதைச் சற்று நேரம் பார்த்தார், ஏடு படிந்துவிட்டிருந்தது, விரலால் ஏட்டை ஒதுக்கிவிட்டு எடுத்துக் குடித்தார், சக்கரை கூடிப்போச்சு, என்றார். கொத்தப்பள்ளி ஐந்து முறுக்கும் மூன்று அதிரசமும் தின்றான்.

சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு மூன்று பேரும் போனோம், அப்பா ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் பேசாமல் கொத்தப்பள்ளியைக் கூப்பிட்டார், தம்பி, இவன் நேரத்துக்குச் சாப்பிடுதானா, என்றார், சாப்டுது சார், ரொம்ப நல்லா சாப்டுது, சமையல் மட்டும் செய்யாது, என்றான் அவன், அப்பாவின் உதடு ஒரு பக்கம் அசைந்தது, பஸ் புறப்பட்டது, கையை அவர் வெளியே நீட்டவில்லை, எங்கள் வீட்டில் யாரும் நீட்டுவதில்லை. நாங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க நின்றோம், ஒருவர் வந்து என் பட்டையை உற்றுப் பார்த்து, ஏனுங், நீங்க மெடிக்கல் ரெப்புங்களா, என்றார், இல்லை என்று சொல்லி நான் பேச ஆரம்பித்தேன்.

இப்போது எனக்கு அன்றைய அப்பாவின் வயது, ஊழியத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினேன், சில வருஷங்கள் கழித்து அந்தச் சபையை விட்டு வந்தேன், சண்டையில்லை, மனக்கசப்பில்லை, காரணம் எனக்கும் கடவுளுக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, எட்வினும் பியூலாவும் நன்றாக இருக்கிறார்கள், அப்பாவும் தங்கையா மாமாவும் இல்லை, கொத்தப்பள்ளி ராஜமுந்திரியிலிருந்து எப்போதாவது போன் செய்து, எல்டர், சாப்டுச்சா, என்று கேட்கிறான். காபி நான் குடிப்பதில்லை. எந்தச் சபையும் இப்போது என்னைத் தடுக்கவில்லை, பந்தியில் டம்ளர் வரும்போது கையால் மூடிவிடுகிறேன், ஏன் என்று கேட்கிற சின்னவர்களுக்கு வழக்கமில்லை என்று சொல்கிறேன், எனக்காக ஒருவர் ஒரு தடவை குடித்தாயிற்று, மறுபடி குடித்தால் அது அவர் குடித்ததைத் துப்பியதாகும், இதை யாருக்கும் விளக்கிச் சொல்லும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. போன மாதம் பியூலாவின் மகளுக்கு இடம் பார்க்கப் போன வீட்டில் ஒரு பெரியவர், பல்லைக் குத்திக்கொண்டே, நீங்கதான அந்த மார்மன் சாமியாரு, அன்னைக்குத் தங்கச்சிக்காக விரதத்த விட்டு அருள்தாஸ் வீட்டுல காபி குடிச்சீங்களாமே, உங்க அப்பா கால்ல விழுந்து கெஞ்சினாராமே, ஊரெல்லாம் சொல்லுதாங்க, நல்ல மனசுய்யா, என்றார், பாராட்டாகத்தான் சொன்னார். சுற்றிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லி வைக்கிறேன். நான் குடிக்கவில்லை. என் அப்பா யார் காலிலும் விழவில்லை. இரண்டு டம்ளரையும் அவர்தான் குடித்தார், நின்றுகொண்டு.